விசில் வரும் பாட்டெல்லாம் ஜாலிப் பாட்டா?

ஈப்போ தம்பி ஒருவர் கேட்டது: “அண்ணே, அடுத்த வாரம் குடும்பத்தோட ஜொகூருக்கு கார்ல போறோம். வழியில கேட்க விசில் வர்ற பாட்டா ஒரு பதினஞ்சு சேர்த்துக்கிட்டு இருக்கேன். விசில்னாலே ஜாலிதானே, பிள்ளைங்க தூங்காம வருவாங்க. உங்க பட்டறையிலதான் எந்நேரமும் ரேடியோ ஓடுதே, நாலு சொல்லுங்க.”

4 ஜூலை, இரவு 10.20

நாலு என்ன, நாற்பதுகூடச் சொல்லலாம். ஆனால் விசில் என்றாலே ஜாலி என்கிறீர்களே, அங்கேதான் இடிக்கிறது. நீங்கள் முதலில் போட்டு வைத்திருக்கும் ‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’ ஜாலிப் பாட்டா? 1989 ஆகஸ்டில் ஸ்கார்பியன்ஸ் குழு மாஸ்கோவில் போய் வாசித்துவிட்டு வந்த கையோடு எழுதியது, 1990-இல் ஆல்பத்தில் வந்தது. அந்த விசிலை அடித்ததும் வேறு யாருமில்லை, பாடகர் கிளாவுஸ் மைனேதான். 1991-இல் இங்கே சுங்கை சிப்புட்டில் அந்தக் கேசட் தேயாத லோரி கிடையாது. நான் அப்போது மோட்டார் பட்டறையில் எடுபிடி. முதலாளி சீனர். வரிகள் அவருக்கும் புரியாது, எனக்கும் புரியாது. விசில் வரும் இடத்துக்கு மட்டும் இரண்டு பேரும் ஸ்பேனரைக் கீழே வைத்துவிட்டு நிற்போம். ராத்திரியில் ஆற்றோரமாக ஒருத்தன் தனியாக நடந்துபோகிற விசில் அது. அதைப் போட்டால் பிள்ளைகள் தூங்காமல் வருவார்கள் என்று எனக்குத் தோன்றவில்லை.

5 ஜூலை, காலை 7.05

பசியாறிக்கொண்டே எழுதுகிறேன், போன் முழுக்க ரொட்டி சானாய் எண்ணெய்.

ராத்திரி படுத்த பிறகு ஓட்டிஸ் ரெடிங் நினைவுக்கு வந்தார். ‘டாக் ஆஃப் தி பே’. வேலை இல்லாதவன் துறைமுகத்தில் உட்கார்ந்து கப்பல் போவதையும் வருவதையும் பார்க்கிறான், அவ்வளவுதான் பாட்டு. கடைசியில் விசிலடித்துக்கொண்டே மறைந்து போகிறான். 1967 நவம்பரிலும் டிசம்பரிலும் பதிவு செய்தார்கள். டிசம்பர் 10-ஆம் தேதி விமானம் ஏரியில் விழுந்து போய்விட்டார், வயது 26. பாட்டு வெளிவந்தது அடுத்த ஜனவரியில். அமெரிக்காவில் பாடியவர் இறந்த பிறகு முதலிடத்துக்குப் போன முதல் பாட்டு அதுதான். அந்த இடத்தில் அவர் ஏதோ பேசுவதாக இருந்தது, வார்த்தை வராமல் விசிலடித்துவிட்டார் என்று ஒரு கதை உண்டு. கதையோ நிஜமோ, எனக்கு அது பிடிக்கும். வார்த்தை தீர்ந்துபோன இடத்தில் வருவதுதான் விசில்.

5 ஜூலை, மதியம் 1.30

‘டோன்ட் வொர்ரி, பி ஹேப்பி’யை மறந்துவிட்டீர்களே, பாப் மார்லியின் பாட்டு, அது ஜாலி இல்லையா என்று ஒருவர் மடக்கியிருக்கிறார்.

மார்லி போனது 1981-இல். அந்தப் பாட்டு வந்தது 1988-இல். பாடியவர் பாபி மெக்ஃபெரின். நம் ஊர் ராத்திரிச் சந்தை, அந்தப் பாசார் மாலாமில் விற்ற திருட்டு சிடிக்களில் அட்டைக்கு அட்டை மார்லி படத்தைப் போட்டு அந்தப் பாட்டையும் உள்ளே தள்ளிவிட்டார்கள், அதிலிருந்து வந்த வினை. நானும் பத்து வருஷம் அப்படித்தான் நம்பிக்கொண்டிருந்தேன், அதனால் சிரிக்கவில்லை. அதில் வாத்தியம் என்று ஒன்றுகூடக் கிடையாது. விசில், தாளம், அடியில் ஓடும் பேஸ், எல்லாமே மெக்ஃபெரின் வாயாலும் உடம்பாலும் போட்டுப் போட்டு ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கியது. அமெரிக்கப் பட்டியலில் முதலிடம் பிடித்த முதல் வாத்தியமில்லாப் பாட்டு.

சரி, அது ஜாலிதான், ஒத்துக்கொள்கிறேன். ஆனால் வரிகளைக் கவனியுங்கள். வாடகை பாக்கி, வீட்டுக்காரன் கோர்ட்டுக்குப் போகப் போகிறான், படுக்க இடமில்லை. சிரித்துக்கொண்டே சொல்கிற கஷ்டம்.

6 ஜூலை, மாலை 6.15

ஞாயிற்றுக்கிழமை, பட்டறை அரை நாள். இன்றைக்குக் கொஞ்சம் நீளமாக எழுதலாம் என்று உட்கார்ந்தால் மழை, கரண்ட் போய்விட்டது, போனில் 31 சதவீதம்தான் இருக்கிறது. பயமுறுத்துகிற விசிலை மட்டும் சொல்லிவிட்டு நிறுத்துகிறேன்.

கௌபாய் படங்களின் விசில் எல்லோருக்கும் தெரியும். இசை என்னியோ மொரிக்கோனே. விசிலடித்தவர் அவரில்லை, அலெஸ்ஸாண்ட்ரோ அலெஸ்ஸாண்ட்ரோனி என்று ஒருவர். 1964-இல் ஆரம்பித்தது. அந்தப் படங்களில் கேட்கும் அந்த மொட்டை கிட்டாரையும் அவர்தான் வாசித்தார். பெரிய இசைக்குழு வைக்கக் காசு இல்லாத படம், ஆனால் அந்த ஒற்றை விசில் பாலைவனத்தையே காட்டிவிடும். அதற்கும் முன்னால், 1931-இல் ஜெர்மானியப் படமொன்றில் கொலைகாரன் விசிலடித்துக்கொண்டே வருவான். நடித்தவருக்கு விசில் வராது என்று இயக்குநர் ஃபிரிட்ஸ் லாங் தானே அடித்தாராம். ஆளைக் காட்டமாட்டார்கள், விசில் கேட்டால் போதும், நமக்கு முதுகு சில்லிடும்.

அதனால் தம்பி, கணக்கு இப்படி நிற்கிறது: சோகம் இரண்டு, பயம் இரண்டு, ஜாலி ஒன்று, அதுவும் வாடகை பாக்கியோடு.

6 ஜூலை, இரவு 11.00

கரண்ட் வந்தது. கூடவே வசவும் வந்தது. “ஏன்ணே, தமிழ்ப் பாட்டே கிடைக்கலையா, வெள்ளைக்காரன் விசில்தான் விசிலா?” என்று மூன்று பேர்.

நியாயம். நம்மிடம் விசில் என்றால் முதலில் வருவது பாட்டில் வரும் விசில் இல்லை, பாட்டுக்கு நாம் அடிக்கும் விசில். என் சின்ன வயதில் ரப்பர் தோட்டத்தில் மாதம் ஒரு தடவை திடலில் வெள்ளைத் துணி கட்டிப் படம் காட்டுவார்கள். விடிகாலையில் ஆள் கணக்கெடுக்கும் பெரட்டுக்குப் போகிறவர்கள் காலை நான்கு மணிக்கு எழுந்தாக வேண்டும், ஆனாலும் கடைசி ரீல் வரை இருந்து இரண்டு விரலை வாயில் விட்டு அடித்துக் கிளப்புவார்கள். நடிகர் முகம் தெரியும்போது அடித்தால் அது மரியாதை. புரொஜெக்டர் நின்றுபோனால் அதே விசில்தான், ஆனால் அது வசவு. சத்தத்தில் வித்தியாசம் கிடையாது, எப்போது அடிக்கிறோம் என்பதில்தான் எல்லாம். 2024-இல் விஜய் தானே பாடி ‘விசில் போடு’ வந்ததே, அது இந்த வகை. பாட்டே ரசிகனிடம் விசில் கேட்கிறது. காரில் போட ஏற்றது, பிள்ளைகளும் விழித்திருப்பார்கள். தம்பி, அதை எழுதிக்கொள்ளுங்கள்.

இளையராஜா விஷயத்தில் ஒன்று சொல்வார்கள். 1984-இல் வந்த ‘காதலின் தீபம் ஒன்று’, அறுவை சிகிச்சை முடிந்து பாடக்கூடாது என்றிருந்த நேரத்தில் மெட்டை விசிலாலேயே அடித்துக் காட்டினார் என்று. பாட்டில் விசில் கிடையாது, மெட்டு பிறந்ததுதான் விசிலில். அதைத் தெரிந்துகொண்ட பிறகு எஸ்.பி.பி. பாடுவதைக் கேட்டுப் பாருங்கள், ஒவ்வொரு வரியும் ஒரு மூச்சு விசிலுக்குள் அடங்கும்.

அப்புறம் 1961, ‘பாவ மன்னிப்பு’, ‘வந்த நாள் முதல்’. சிவாஜி சைக்கிளில் போவார், டி.எம்.எஸ். குரல், விசிலும் ஹம்மிங்குமாகப் போகும். இதை எழுதக் காரணம் வேறு. என் அப்பா இதைத்தான் விசிலடிப்பார். பால்மரம் வெட்டப் போன காலத்தில், இருட்டில். பள்ளி விடுமுறையில் ஒட்டுப்பால் பொறுக்க என்னையும் இழுத்துக்கொண்டு போவார்கள். நெத்தி விளக்கு வெளிச்சம் மரத்துக்கு மரம் நகர்ந்துகொண்டே போகும், ஒவ்வொரு நிரை முடிகிறபோதும் விசில். மூன்று சுரம் மேலே ஏறும், கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒன்று கீழே இறங்கும். கடைசிச் சுரம் மட்டும் மூச்சுப் போதாதது போலச் சன்னமாக இருக்கும். அது அந்தப் பாட்டுதான் என்று இத்தனை வருஷமாக வைத்திருக்கிறேன்.

7 ஜூலை, இரவு 9.40

இன்றைக்கு யூடியூபில் அந்தப் பாட்டை ஆறு தடவை கேட்டேன். மூன்று ஏறி ஒன்று இறங்குவது அதில் எங்கேயும் இல்லை. வேறு பாட்டாக இருக்கலாம். 1960-களில் கேட்டு, அரைகுறையாகப் பிடித்து, தன் இஷ்டத்துக்கு மாற்றிக்கொண்டிருப்பார். நானும் குளிக்கும்போது அதைத்தான் செய்கிறேன்.

செய்தேன் என்று சொல்ல வேண்டும். 2003-இல் மோட்டாரில் விழுந்து முன்பல் ஒன்று போனது. ஒரு கிளினிக்கில் பொய்ப்பல் வைத்தார்கள், அதிலிருந்து எனக்கு விசில் வராது. வருவது காற்றும் கொஞ்சம் எச்சிலும்தான். மூன்று தடவை போய்ச் சொன்னேன், சாப்பிட முடிகிறதா என்று கேட்டார்கள், முடிகிறது என்றேன், அப்புறம் என்ன என்றார்கள்.

8 ஜூலை, மதியம் 12.50

பல்லுக்கும் விசிலுக்கும் சம்பந்தமில்லை அண்ணே, பல்லே இல்லாத தாத்தாக்கள் அடிக்கிறார்கள் என்று ஒருவர் எழுதியிருக்கிறார். திருத்தம் சரி. உதட்டைக் குவித்து அடிப்பதற்குப் பல் வேண்டாம். சாசி போத்தல் வாயில் ஊதினால் சத்தம் வருகிறதே, அதே வேலைதான். உள்ளே இருக்கும் காற்றறை பெரிதாக இருந்தால் சத்தம் கீழே, சின்னதாக இருந்தால் மேலே. நாக்கை முன்னே தள்ளினால் அறை சுருங்கும், சுரம் ஏறும். நான் அடித்தது உதட்டு விசில் இல்லை, பல்லிடுக்கு விசில். அதற்குப் பல் வேண்டும். இடுக்கும் வேண்டும்.

இந்த உதட்டை வைத்துக்கொண்டு கர்நாடகக் கச்சேரியே செய்தவர் உண்டு. ஆந்திராவைச் சேர்ந்த கோமரவோலு சிவபிரசாத். வயலின், மிருதங்கம் பக்கவாத்தியத்தோடு கீர்த்தனை, ஆலாபனை எல்லாம் விசிலில். முதலில் கேட்டபோது புல்லாங்குழல் என்றே நினைத்தேன். விசிலில் கிளைச் சுரங்கள் மிகக் குறைவு, கிட்டத்தட்ட ஒற்றை நூல் மாதிரி. அதனால் கமகம் கொஞ்சம் சறுக்கினாலும் மறைக்க இடமில்லை. பாடகர் தொண்டையைக் கனைத்துச் சமாளிக்கலாம், விசிலடிப்பவருக்கு அந்த வசதி கிடையாது.

8 ஜூலை, இரவு 10.30

மனைவிக்குத் தெரியாமல் உதட்டு விசில் பழகிப் பார்த்தேன். “ராத்திரியில என்ன விசில், பாம்பு வரும்” என்று உள்ளேயிருந்து குரல். பக்கத்து வீட்டு மலாய்க்கார மக்சிக்கும் இதே நம்பிக்கை, ஆனால் அவர் கணக்கில் வருவது பாம்பு இல்லை, ஹந்து. ஆக, இந்தச் சடக்கில் ராத்திரி விசிலடித்தால் பாம்பும் பேயும் சேர்ந்து வரும், இன ஒற்றுமை.

பாம்புக்கு வெளிக்காது கிடையாது. தரையின் அதிர்வும், சுமார் 80 முதல் 600 ஹெர்ட்ஸ் வரையிலான தாழ்ந்த சத்தமும்தான் அதற்கு எட்டும். மனிதனின் விசில் பெரும்பாலும் ஆயிரத்துக்கு மேலேதான் போகும். அதனால் நாம் அடிக்கிற விசில் பாம்புக்குக் கேட்காது, நாம் எழுந்து நடந்தால்தான் தெரியும். இதை மனைவியிடம் சொன்னேன். “அப்ப பாம்புக்காவது நிம்மதி” என்றாள்.

தோட்டத்தில் இந்தக் கட்டுப்பாடு ஒன்றும் இல்லை என்பதை இப்போதுதான் யோசிக்கிறேன். நாக பாம்பு அங்கேதான் அதிகம், விசிலும் அங்கேதான் அதிகம். வீட்டுக்குள் அடித்தால்தான் குற்றம். அதிலும் பெண் பிள்ளைகள் அடித்துவிட்டால் போச்சு, பாட்டி விளக்குமாற்றோடு வருவார். என் அக்கா ஒரு தடவை அடித்து வாங்கியிருக்கிறாள்.

9 ஜூலை, காலை 8.10

பட்டறைக்கு எதிர்வரிசையில் மாடியில் பறவைக்கூடு வீடு, கூட்டை எடுத்துச் சூப்புக்கு விற்பார்கள். கூடு கட்டும் பறவையை வரவழைக்க ஸ்பீக்கரில் கிச்கிச் என்று பதிவு ஓடிக்கொண்டே இருக்கும், விடிகாலையிலிருந்து இருட்டும் வரை. அதுவும் விசில் வரும் பாட்டுதான் என்று பட்டியலில் சேர்க்கச் சொல்கிறான் என் பட்டறைப் பையன். ஒன்பது வருஷமாகக் கேட்கிறேன், இன்னும் பல்லவியைத் தாண்டவில்லை.

9 ஜூலை, இரவு 11.45

‘குவாய் நதிப் பாலம்’ விசிலை ஏன் சொல்லவில்லை, உலகத்திலேயே பேர் போன விசில் அதுதானே என்று கேட்டிருக்கிறீர்கள். வேண்டுமென்றேதான் விட்டேன். கேட்டுவிட்டதால் எழுதுகிறேன்.

1957-இல் வந்த படம். ஜப்பான்காரனிடம் பிடிபட்ட பிரிட்டிஷ் சிப்பாய்கள், சப்பாத்து கிழிந்து தொங்க, விசிலடித்துக்கொண்டே அணிவகுத்து முகாமுக்குள் வருவார்கள். சயாமிலிருந்து பர்மாவுக்குப் போட்ட ரயில் பாதை கதை. அது 415 கிலோமீட்டர், 1942-இல் தொடங்கி 1943 அக்டோபரில் முடித்தார்கள். அதில் மாண்ட போர்க் கைதிகள் 12,000-க்கு மேல். ஆசியத் தொழிலாளர்கள் 90,000 பேர் வரை என்று கணக்குச் சொல்வார்கள். அந்த ஆசியத் தொழிலாளர்களில் பெருங்கூட்டம் மலாயாத் தோட்டங்களிலிருந்து போன தமிழர்கள். சம்பளம் கிடைக்கும் என்று போனவர்களும் உண்டு, பிடித்து ஏற்றப்பட்டவர்களும் உண்டு.

என் தாத்தா, அப்பாவின் அப்பா, அதில் ஒருவர். 1943-இல் போனவர் திரும்பவில்லை. அப்பாவுக்கு அப்போது ஐந்து வயது. எங்கே, எப்போது, எதனால் என்று ஒன்றும் தெரியாததால் திதி கொடுக்க நாளும் இல்லை. தை அமாவாசைக்குக் கொடுப்பார்கள்.

எண்பதுகளில் ஒரு நாள் டிவியில் அந்தப் படம் போட்டார்கள். சண்டைப் படம் என்று நான் உட்கார்ந்து பார்க்கிறேன். அப்பா வந்து நாற்காலியின் கையில் உட்கார்ந்தார், சாய்ந்துகொள்ளவில்லை. விசில் வந்தது, எனக்குப் புல்லரித்தது, நானும் கூடவே அடித்தேன், அப்போது பல் இருந்தது. அப்பா ஒரு பத்து நிமிஷம் பார்த்திருப்பார். “நம்ம ஆளுங்க எங்கடா?” என்று கேட்டார். என்னையா டிவியையா என்று தெரியவில்லை. எழுந்து வெளியே போய் மோட்டாரைத் துடைக்க ஆரம்பித்துவிட்டார். அந்தப் படத்தில் நம் ஆட்களைத் தேடினால் கிடைக்க மாட்டார்கள். படம் பிடித்ததே சயாமில் இல்லை, சிலோனில், கித்துள்கல பக்கம்.

அந்தப் படத்துக்கென்றே போட்ட மெட்டு அது, நல்ல மெட்டு, மறுக்கவில்லை. என் காரில் ஓடாது, அவ்வளவுதான்.

10 ஜூலை, காலை 7.30

ராத்திரி எழுதியதில் ஒரு தப்பு. அந்த மெட்டு படத்துக்காகப் போட்டதில்லை. ‘கர்னல் போகி’ என்கிற பட்டாள அணிவகுப்பு இசை, 1914-இல் வந்தது. எழுதியவர் ரிக்கெட்ஸ் என்ற பட்டாள பேண்ட் மாஸ்டர், வெளியிட்டது கென்னத் ஆல்ஃபர்ட் என்ற புனைபெயரில். கோல்ஃப் திடலில் ஒரு ராணுவ அதிகாரி, பந்து வருகிறது விலகு என்று கத்துவதற்குப் பதிலாக இரண்டு சுரம் விசிலடிப்பாராம், அந்த இரண்டு சுரத்திலிருந்துதான் மெட்டே பிறந்தது என்று கதை. படத்துக்கு இசையமைத்த மால்கம் ஆர்னால்ட் செய்தது அதன் மேலே இன்னொரு அணிவகுப்பைக் கோர்த்தது.

படத்தில் ஏன் பாடாமல் விசிலடித்தார்கள் என்பதற்கும் காரணம் உண்டு. சிப்பாய்கள் அந்த மெட்டுக்குப் பாடிய வரிகள் திரையில் சொல்ல முடியாத ரகம். ஹிட்லரின் உடம்பில் என்ன எத்தனை என்று எண்ணுகிற பாட்டு. தணிக்கை தாண்டாது. விசிலடித்தால் தெரிந்தவனுக்குப் புரியும், தெரியாதவன் தாளம் போடுவான்.

அதனால் 5-ஆம் தேதி நான் எழுதியதையும் மாற்ற வேண்டும். வார்த்தை தீர்ந்த இடத்தில் மட்டும் வருவதில்லை விசில். வார்த்தை இருந்தும் வாயைத் திறந்து சொல்ல முடியாத இடத்திலும் வருகிறது.

இதை எழுதும்போது ஒரு சந்தேகம். அப்பா அடித்தது தோட்டத்தில் வேலை வாங்கும் தண்டலுக்கு எதிரான ஏதாவது நையாண்டிப் பாட்டாக இருக்குமோ? அவருக்கு வாய் கொஞ்சம் நீளம்தான்.

11 ஜூலை, இரவு 9.15

தமிழ்ப்பள்ளியில் இருந்து ஓய்வு பெற்ற வாத்தியார் ஒருவர் தனியாக எழுதியிருக்கிறார். “விசில் விசில் என்கிறீர்களே, வீளை என்று சொன்னால் வாய் வலிக்குமா” என்று ஆரம்பம். ஐயா, வலிக்காது, ஆனால் பட்டறையில் வீளை என்றால் வீல் என்று நினைத்து டயரை எடுத்துக் கொடுப்பான் பையன்.

அவர் எடுத்துக் காட்டியது அகநானூற்றில் ஒரு முல்லைப் பாட்டு. மழை ராத்திரி. கோலை ஊன்றிக்கொண்டு தனியாக நிற்கிறான் இடையன். வாயை மடித்து அடிக்கிறான், அதற்குப் பெயர் ‘மடிவிடு வீளை’. ஆட்டுக்குட்டியின் மேல் கண்வைத்து வந்த குள்ளநரி அந்தச் சத்தத்தில் மிரண்டு முட்புதருக்குள் ஓடுகிறது. இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்னால் என்றாலும், நெத்தி விளக்கை மாட்டிவிட்டால் எங்கள் தோட்டம்தான். எங்களுக்கு நரி இல்லை, காட்டுப்பன்றி. பால் வெட்டும் நிரைக்குள் குட்டிகளோடு நிற்கும், தெரியாமல் கிட்டே போனால் தொடையைக் கிழித்துவிடும். முன்கூட்டியே சத்தம் கொடுத்துக்கொண்டு போனால் விலகிவிடும்.

ஆக, அப்பா அடித்தது பாட்டே இல்லை, பன்றிக்கு அறிவிப்பு! ஒரு வாரம் சிவாஜியையும் குவாய் நதியையும் சுற்றிவிட்டுக் கடைசியில் பன்றியில் வந்து நிற்கிறேன்.

கேனரி தீவுகளில் லா கொமேரா என்று ஒன்று. மலைக்கும் மலைக்கும் நடுவே பள்ளத்தாக்கு, இறங்கி ஏற அரை நாள் ஆகும், அதனால் ஸ்பானிய மொழியையே விசிலாக்கிப் பேசுவார்கள். 2009-இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்தது, பள்ளிக்கூடத்தில் பாடமாகவே இருக்கிறது. விசில் பாட்டானது பிறகுதான் போலிருக்கிறது. முதலில் அது வேலை.

13 ஜூலை, இரவு 10.05

பன்றியும் இல்லை.

அம்மாவுக்கு 81 வயது. இன்றைக்கு மத்தியானம் கீழே உட்கார்ந்து நாளிதழை விரித்து நெத்திலி கிள்ளிக்கொண்டிருந்தார். தலை ஒரு பக்கம், குடல் ஒரு பக்கம், விரல் பார்க்காமலே போகிறது. போனில் ‘வந்த நாள் முதல்’ போட்டு, அப்பா வெட்டுக்காட்டில் அடித்தது இதுதானே என்று கேட்டேன்.

“உங்கப்பாவுக்கு எந்தப் பாட்டுடா முழுசா தெரியும்?”

அப்புறம் தண்டல் நையாண்டியா என்றேன், பன்றிக்கா என்றேன். பன்றிக்கும்தான், ஆனால் அதற்கில்லை என்றார். மேட்டில் இருக்கும் நிரைகள் அப்பாவுக்கு, பள்ளத்தில் இருப்பது அம்மாவுக்கு. நடுவில் ஒரு கால்வாய். காலை ஐந்து மணிக்கு மேகமூட்டம் என்றால் கீழே இருக்கும் விளக்கு மேலே தெரியாது. ஒரு நிரை முடிந்ததும் அப்பா விசிலடிப்பார். இருக்கியா என்று அர்த்தம்.

“நீங்க என்னம்மா செய்வீங்க, குரல் குடுப்பீங்களா?”

“என்னன்னு குடுக்குறது? பேரச் சொல்லியா கூப்பிட முடியும்?”

சொல்லிவிட்டு மீன் கையை நாளிதழில் துடைத்தார். புறங்கையால் வாயைத் துடைத்தார். உதட்டை நாக்கால் நனைத்துக்கொண்டு ஊதினார், வெறும் காற்றுதான் வந்தது. இன்னொரு தடவை நனைத்தார். இரண்டாவது தடவை வந்தது, ஒரே ஒரு சுரம், சன்னமாகக் கீழே இறங்கி நின்றது.

மூன்று சுரம் மேலே ஏறும், கொஞ்சம் இடைவெளி விட்டு, ஒன்று கீழே இறங்கும். கடைசிச் சுரம் மட்டும் மூச்சுப் போதாதது போலச் சன்னமாக இருக்கும் என்று 6-ஆம் தேதி எழுதினேன் இல்லையா. அது அப்பாவின் மூச்சு இல்லை, பள்ளத்திலிருந்து வந்தது. அம்மாவுக்கு விசில் வரும் என்பதே எனக்கு இந்த வயது வரை தெரியாது. அக்காவைப் பாட்டி விளக்குமாற்றால் சாத்தியபோது அம்மாவும் பக்கத்தில்தான் நின்றிருந்தார், ஒன்றும் பேசவில்லை.

இன்னொரு தடவை அடிங்கம்மா, போனில் பிடித்து வைக்கிறேன் என்றேன். சீரியல் ஆரம்பிச்சிருச்சு என்று நெத்திலியை என்னிடம் தள்ளிவிட்டு எழுந்து போய்விட்டார்.

14 ஜூலை, மதியம் 1.10

கேட்டவர்களுக்கு: இல்லை, இன்னும் பிடிக்கவில்லை, இரண்டு தடவை கேட்டாயிற்று.

ஈப்போ தம்பி ஜொகூர் போய்ச் சேர்ந்துவிட்டார். ‘விண்ட் ஆஃப் சேஞ்ச்’தான் முதல் பாட்டாகப் போட்டாராம். ஈப்போவைத் தாண்டிக் கொஞ்ச தூரத்திலேயே இருக்கும் பீடோர் வருவதற்குள் பிள்ளைகள் தூங்கிவிட்டார்கள், தம்பியின் மனைவியும்தான்.